இலியட் படித்து முடித்தேன்: இதில் யாரைத்தான் மதிப்பது?

அரைக்கிணறு:

நாலு மாதமாக அலுவலகப் பேருந்தில் போக வர, டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட்டின் மொழிபெயர்ப்பு ஒன்றைப் படித்து, நேற்று ஒருவழியாக முடித்தேன். 24 பாகம், மூலத்தில் ஏறக்குறைய 15,700 வரிகள். முடித்ததும் எனக்கு மிஞ்சியது எரிச்சல்தான். இங்கே கொட்டுகிறேன், திட்டுங்கள்.

முதலில் தெய்வங்கள். 2-ஆம் பாகத்தில் தெய்வங்களின் அரசர் ஸீயஸ், கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னானுக்கு ஒரு பொய்க் கனவு அனுப்புகிறார். இப்போது போனால் டிராய் நகரம் உன் கையில் என்று. அவனும் நம்பிப் படையைக் கிளப்புகிறான். ஸீயஸுக்கு வேண்டியது கிரேக்கர்கள் கொத்துக்கொத்தாகச் சாவது, அப்போதுதானே சண்டையிலிருந்து விலகி உட்கார்ந்திருக்கும் வீரன் அக்கிலீஸின் அருமை தெரியும். 4-ஆம் பாகம் இதைவிட மோசம். டிராயை அழித்தே தீர வேண்டும் என்று ஸீயஸின் மனைவி ஹீரா ஒற்றைக் காலில் நிற்கிறாள். 'சரி, ஆனால் நாளைக்கு உனக்குப் பிடித்த ஊரை நான் அழிக்க நினைத்தால் குறுக்கே வராதே' என்கிறார் ஸீயஸ். அவள் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. ஆர்கோஸ், ஸ்பார்ட்டா, மைசீனி மூன்றும் எனக்கு உயிர், எப்போது கோபம் வந்தாலும் இடித்துக்கொள் என்கிறாள். அந்த ஊர் ஆட்கள் அவளைக் கும்பிட்டபடியே கீழே போர்க்களத்தில் செத்துக்கொண்டிருக்கிறார்கள்!

அப்புறம் வீரர்கள். தன் பங்காக வந்த பெண்ணை அகமெம்னான் பிடுங்கிக்கொண்டான் என்று அக்கிலீஸுக்குக் கோபம். நியாயமான கோபம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு அவன் செய்வது? கடற்கரையில் உட்கார்ந்து அழுது அம்மாவைக் கூப்பிட்டு, 'என் பக்கத்து ஆட்களே கப்பலோரம் வெட்டுப்பட்டுச் சாகட்டும், ஸீயஸிடம் போய்ச் சொல்' என்கிறான். இவன்தான் கதாநாயகன்.

மொத்தக் கதையிலும் மனிதன் என்று சொல்ல டிராய் இளவரசன் ஹெக்டர் ஒருவன். அவனையும் அதீனா தேவி அவன் தம்பி டெய்ஃபோபஸ் உருவத்தில் வந்து, 'வா அண்ணா, சேர்ந்து நிற்போம்' என்று ஏமாற்றிக் கொல்ல வைக்கிறாள். ஈட்டியை எறிந்துவிட்டு இன்னொன்று கேட்கத் திரும்பினால் தம்பி இல்லை. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்ட தெய்வங்களையும் வீரர்களையும் வைத்து ஒரு சமூகமே தன் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறது. எப்படி?

மணல்வீடு:

நீங்கள் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி கழற்றிவிட்டு உள்ளே போயிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான். ஹோமரின் தெய்வத்துக்கு நல்லவராக இருக்கும் கடமை கிடையாது. பலம் உண்டு, அழகு உண்டு, சாவு இல்லை. அவ்வளவுதான் தகுதி.

5-ஆம் பாகத்தைத் திரும்பப் பாருங்கள். கிரேக்க வீரன் டயோமிடீஸ் ஆரெஸின் வயிற்றில் ஈட்டியைச் செருகுகிறான். போர்த் தெய்வம் ஒன்பதாயிரம் பத்தாயிரம் பேர் சேர்ந்து கத்துவதுபோல் அலறிக்கொண்டு ஒலிம்பஸுக்கு ஓடி, அப்பாவிடம் ரத்தத்தைக் காட்டி முறையிடுகிறது. ஸீயஸ் அவனிடம், 'இங்கே இருக்கிறவர்களிலேயே எனக்கு உன்னைத்தான் அறவே பிடிக்காது' என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, வைத்தியரைக் கூப்பிடுகிறார். அத்திப் பால் பட்டதும் பால் உறைகிற வேகத்தில் காயம் ஆறிவிடுகிறது. குளித்து, நல்ல துணி உடுத்தி, ஆரெஸ் அப்பா பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்துகொள்கிறான். பாகம் முடிந்தது.

அடுத்த பாகம் தொடங்கிப் பத்துப் பதினைந்து வரிக்குள் அதே டயோமிடீஸ் ஆக்ஸிலஸ் என்று ஒருவனைக் கொல்கிறான். யார் அவன்? பெரிய ஆள் இல்லை. அரிஸ்பே ஊர்க்காரன். வழியோரம் வீடு. போகிற வருகிற எல்லாரையும் வீட்டுக்குள் கூப்பிட்டு உபசரித்தவன். சாகிற நேரத்தில் அந்த விருந்தாளிகளில் ஒருவர்கூடக் குறுக்கே வந்து நிற்கவில்லை என்று ஒரு வரி. அவ்வளவுதான், அவனும் தேரோட்டியும் மண்ணுக்குள்.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது சும்மா இல்லை. சாகாதவனுக்கு எதுவும் உறைக்காது, அதனால் அவன் சண்டை கடைசிவரை சிரிப்பாகவே இருக்கும். 21-ஆம் பாகத்தில் வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸின் வில்லையே பிடுங்கி ஹீரா அவள் காதில் அடிக்கிறாளே, அதைப் படித்துச் சிரிக்காமல் இருந்தீர்களா? அதே நேரம் கீழே ஆறு பிணங்களால் அடைபட்டுக் கிடக்கிறது. லோங்கைனஸ் என்ற பெயரில் வழங்கும் பழைய திறனாய்வு ஒன்றில், ஹோமர் தன்னால் முடிந்தவரை மனிதர்களைத் தெய்வங்களாக்கினார், தெய்வங்களை மனிதர்களாக்கினார் என்று வரும். நீங்கள் குறை என்பது அந்தக் கவிதையின் முதுகெலும்பு.

ஓய்வு_வாத்தியார்:

மணல்வீடு தம்பி கெட்டிக்காரத்தனமாக எழுதியிருக்கிறார். ஆனால் 'நம் அளவுகோலை அவர்கள் மேல் வைக்காதே' என்ற வாதம் நிற்காது. கிரேக்கர்களே வைத்தார்களே!

கிறிஸ்துவுக்கு முன் 6-ஆம் நூற்றாண்டிலேயே தத்துவஞானி செனொஃபனீஸ் சொல்லிவிட்டார்: மனிதரிடையே எது எல்லாம் வெட்கக்கேடோ, திருட்டு, பிறர்மனை நாடுவது, ஒருவரை ஒருவர் ஏமாற்றுவது, அத்தனையையும் ஹோமரும் ஹீசியடும் தெய்வங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று. மாட்டுக்கும் குதிரைக்கும் கை இருந்து வரையத் தெரிந்திருந்தால் மாடு மாட்டைப் போலவும் குதிரை குதிரையைப் போலவும்தான் தெய்வத்தை வரையும் என்றவரும் அவரே. அதே நூற்றாண்டில் தியாஜெனீஸ் என்பவர் முட்டுக் கொடுக்கப் பார்த்தார். தெய்வங்கள் அடித்துக்கொள்வது உண்மையில் நெருப்பும் நீரும் மோதுவதன் உருவகமாம். முட்டு தேவைப்பட்டது என்றாலே சுவரில் விரிசல் இருந்தது என்றுதானே அர்த்தம்?

பிளேட்டோ இன்னும் ஒரு படி மேலே போய், இந்த வரி வேண்டாம், அந்த வரி வேண்டாம் என்று அடித்துக்கொண்டே வருகிறார். அக்கிலீஸ் புரண்டு அழுவது வேண்டாம், தெய்வங்கள் அடக்கமாட்டாமல் சிரிப்பது வேண்டாம், கடைசியில் அந்தக் கவிஞரே ஊருக்குள் வேண்டாம். அவர் பயந்தது வெறும் பயம் இல்லை. அவருடைய உரையாடல் ஒன்றில் யூதிஃப்ரோ என்று ஓர் ஆள் வருகிறான். பெற்ற தகப்பன் மேல் கொலை வழக்குப் போட்டிருக்கிறான். ஏனப்பா என்றால், 'ஸீயஸே தன் அப்பாவைக் கட்டிப் போடவில்லையா?' என்கிறான். கதை கதையோடு நிற்பதில்லை, தம்பி. 34 வருடம் வகுப்பறையில் நின்றவன் சொல்கிறேன், பிள்ளைகள் நாம் காட்டும் நீதியை எடுத்துக்கொள்வதில்லை. கதையில் யார் தப்பித்தான் என்பதை எடுத்துக்கொள்கிறார்கள்.

மணல்வீடு:

சார், யூதிஃப்ரோ நல்ல அடி. வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் அதே பிளேட்டோ, சாக்ரட்டீஸ் நீதிமன்றத்தில் நின்று பேசும் இடத்தில் யாரை உதாரணம் காட்ட வைக்கிறார்? அக்கிலீஸை. ஹெக்டரைக் கொன்றால் அடுத்தது உன் சாவுதான் என்று தாய் தீட்டிஸ் சொல்லியும் பின்வாங்காதவன் என்று. கவிஞரை ஊரை விட்டு அனுப்புகிற 'குடியரசு' நூலின் 10-ஆம் புத்தகத்திலும், சின்ன வயதிலிருந்தே ஹோமர் மேல் அன்பும் மரியாதையும் உண்டு, பேசத் தயக்கமாக இருக்கிறது என்று முனகிக்கொண்டுதான் ஆரம்பிக்கிறார். காதலியை வீட்டை விட்டுத் துரத்துகிறவன் குரல் அது.

புதுசு_2:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அக்கிலீஸின் குறை என்றால் அந்தக் குதிகால்தானே? அதைப் பற்றி யாருமே பேசவில்லையே?

மணல்வீடு:

குதிகால் கதை இலியட்டில் கிடையாது, நண்பரே. குழந்தையை ஸ்டிக்ஸ் ஆற்றில் முக்கினார்கள் என்பது பல நூற்றாண்டு கழித்து, கிறிஸ்துவுக்குப் பின் 1-ஆம் நூற்றாண்டில் ஸ்டேஷியஸ் என்ற ரோமக் கவிஞரிடம்தான் முதலில் கிடைக்கிறது. ஹோமரின் அக்கிலீஸ் மற்றவர்களைப் போலச் சாகக்கூடியவன். 21-ஆம் பாகத்தில் அவன் முழங்கையில் ஈட்டி கீறி ரத்தமே வருகிறது. மரக்குதிரையும் இலியட்டில் இல்லை, அது ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில் பேச்சுவாக்கில் வரும். அக்கிலீஸ் சாவதுகூட இலியட்டுக்குள் நடக்காது.

நூல்கண்டு:

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எல்லாரும் 'குறை' என்கிறீர்கள், ஆனால் இரண்டு வேறு விஷயத்தை ஒரே கூடையில் போடுகிறீர்கள். கவிதைக்கே குறை என்று தெரிகிற குறை ஒன்று. கவிதை கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிற குறை இன்னொன்று.

அரைக்கிணறு 'தன் பங்காக வந்த பெண்' என்று எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார். அவள் பெயர் ப்ரிசேயிஸ். மொத்தக் கதையும் அவளை வைத்துத்தான் கிளம்புகிறது. அவள் வாயைத் திறப்பது 19-ஆம் பாகத்தில் ஒரே ஒரு முறை, அக்கிலீஸின் நண்பன் பட்ரோக்ளஸின் உடல் மேல் விழுந்து அழும்போது. என்ன சொல்கிறாள்? என் கணவனை என் ஊர் வாசலில் வெட்டுண்டு கிடக்கப் பார்த்தேன், ஒரு வயிற்றில் பிறந்த என் சகோதரர்கள் மூன்று பேரும் அன்றே போனார்கள், அழாதே என்று எனக்குச் சொன்னவன் நீ ஒருவன்தான், அக்கிலீஸுக்கே உன்னை மணம் முடித்து வைக்கிறேன் என்றாய். அந்தக் கணவனைக் கொன்றவனே அக்கிலீஸ்தான்! அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே நல்ல எதிர்காலம் அது.

அதற்கு அடுத்த வரியை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து அழுதார்களாம். பார்வைக்கு பட்ரோக்ளஸுக்காக, உள்ளுக்குள் அவரவர் துக்கத்துக்காக. எழவு வீட்டில் உட்கார்ந்து அழுதவர்களுக்கு அந்த வரி புரியும்.

ஆக ஹோமர் பார்க்காமல் இல்லை. ஆனால் பார்த்துவிட்டு அக்கிலீஸைக் கேள்வி கேட்கிறாரா? இல்லை. பெண்ணைப் பங்கு போடுவது அந்த உலகத்தில் குறையே இல்லை. பங்கைத் திருப்பிப் பிடுங்குவதுதான் குறை.

இன்னொன்று, ஹெக்டரைக் கொண்டாடுகிறவர்களுக்கு. பட்ரோக்ளஸின் தலையை அறுத்துக் கழுமரத்தில் குத்திவைக்க அவன் துடிக்கிறான் என்று 18-ஆம் பாகத்தில் தெய்வத் தூதி ஐரிஸ் வந்து சொல்கிறாள். அதே பாகத்தில் டிராய்க்காரன் பொலிடமஸ் நல்ல யோசனை சொல்கிறான், இரவோடு இரவாக ஊருக்குள் போய்விடுவோம், அக்கிலீஸ் கிளம்பிவிட்டான் என்று. ஹெக்டர் அவனை அடக்கி உட்கார வைக்கிறான். மறுநாள் படையே காலியாகிறது.

அரைக்கிணறு:

நூல்கண்டு, பெண் விஷயத்தில் குட்டு வாங்கிக்கொண்டேன். அந்த வாக்கியத்தை மாற்றாமலே விடுகிறேன், இருக்கட்டும்.

ஹெக்டர் விஷயத்தில் விட்டுத்தர மாட்டேன். அவன் தப்பு செய்கிறான். ஆனால் தெரிந்து, வெட்கப்படுகிறான். 22-இல் கோட்டை வாசலில் தனியாக நின்று அவன் யோசிப்பதே இதைத்தான்: இப்போது உள்ளே போனால் பொலிடமஸ்தான் முதலில் திட்டுவான், என் முட்டாள்தனத்தால் படையையே அழித்துவிட்டேன், ஊர்ப் பெண்கள் முகத்தில் எப்படி விழிப்பேன். அந்த வெட்கம்தான் அவனைக் கொல்கிறது. அதற்கப்புறம் அக்கிலீஸ் கிட்டே வந்ததும் பயந்து ஓடுகிறான். மூன்று சுற்று கோட்டையைச் சுற்றி. இவ்வளவு பெரிய வீரன் ஓடுகிறானே என்று எனக்கு ஏமாற்றமாக இல்லை. எனக்கே மூச்சு வாங்கியது.

6-ஆம் பாகத்தில் குழந்தையைத் தூக்கக் கை நீட்டுகிறான். தலைக்கவசத்தில் ஆடுகிற குதிரைமயிர்க் குஞ்சத்தைப் பார்த்துப் பயந்து குழந்தை தாதியின் மார்பில் ஒட்டிக்கொண்டு அலறுகிறது. அப்பனும் அம்மாவும் சிரித்துவிடுகிறார்கள். அவன் கவசத்தைக் கழற்றித் தரையில் வைக்கிறான், அது பளபளவென்று கிடக்கிறது, பிறகு பிள்ளையை எடுத்துக் கொஞ்சுகிறான். இப்படி ஒரு காட்சி அக்கிலீஸுக்கு இருக்கிறதா, சொல்லுங்கள்.

ஓய்வு_வாத்தியார்:

அந்தக் கொஞ்சலோடு ஒரு வேண்டுதலும் வைக்கிறான், அதை விட்டுவிட்டீர்கள். பிள்ளை வளர்ந்து எதிரியைக் கொன்று ரத்தம் படிந்த கவசத்தோடு வரட்டும், அம்மா மகிழட்டும் என்று. நல்ல அப்பன்.

யாழ்_கடலோடி:

எல்லாரும் ஹோமர் என்றொரு தனி மனிதர் மேசையில் உட்கார்ந்து திட்டம் போட்டு எழுதியது போலக் கதைக்கிறீர்கள். இது வாயால் பாடிப் பாடி வளர்ந்த கவிதை. அக்கிலீஸ் சும்மா குந்தியிருக்கும்போதும் 'விரைந்த காலுடைய அக்கிலீஸ்'தான், ஏனென்றால் அந்தச் சொற்கட்டு சந்தத்துக்குப் பொருந்தும். 5-ஆம் பாகத்தில் செத்துப்போன பிலைமெனீஸ் என்ற அரசன் 13-ஆம் பாகத்தில் மகனுடைய பிணத்துக்குப் பின்னால் அழுதுகொண்டு போகிறான். சங்கப் பாடல்களை இந்தக் கோணத்திலே ஹோமரோடு வைத்துப் பார்த்த ஈழத்து ஆய்வாளர் கைலாசபதியே, கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம்தான் ஆய்வு செய்தவர். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: தெய்வங்களின் பாதிக் குறை, பாட்டுக்காரன் கதையை நகர்த்தக் கையில் எடுத்த கருவி. ஹெலனைக் கவர்ந்து வந்த பாரிஸ் தனிச்சண்டையில் தோற்கப்போகிறான், கதை முடிந்துவிடும், ஆகவே காதல் தெய்வம் அஃப்ரொடைட்டி வந்து அவனை மூடுபனிக்குள் தூக்கிக்கொண்டு போகிறாள். இதில் ஒழுக்கம் தேடுவது வீண் வேலை.

நூல்கண்டு:

அண்ணா, கருவி என்றால் வேலை முடிந்ததும் கீழே வைத்துவிட வேண்டாமா? அஃப்ரொடைட்டி பாரிஸைத் தூக்கிக் கட்டிலில் போட்டதோடு பாட்டுக்காரர் நிறுத்தவில்லையே. அடுத்து ஹெலனைக் கூப்பிட வருகிறாள். ஹெலன் சொல்கிறாள், 'அவ்வளவு ஆசை என்றால் நீயே போய் அவன் பக்கத்தில் உட்கார், ஒலிம்பஸ் பக்கமே திரும்பாதே, மனைவியாகவோ அடிமையாகவோ அவனே வைத்துக்கொள்ளும்வரை அவனைச் சுற்றிச் சுற்றி வா' என்று. தெய்வத்தைப் பார்த்து! தெய்வம் மிரட்டுகிறது, உன்னை இரண்டு பக்கமும் வெறுக்கும்படி செய்துவிடுவேன் என்று. ஹெலன் பயந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பேசாமல் போகிறாள். கதை நகர இந்தச் சண்டை தேவையே இல்லை. குறையைப் பார்க்க யாரோ ஆசைப்பட்டிருக்கிறார்கள்.

யாழ்_கடலோடி:

ம்ம். அந்த இடத்தில் நான் தோற்றேன் தங்கச்சி. பிலைமெனீஸை மட்டும் விடமாட்டேன்.

அரைக்கிணறு:

9-ஆம் பாகத்துக்கு வருவோம். எனக்கு அக்கிலீஸ் மேல் கோபம் உறுதியான இடம் அது. அகமெம்னான் இறங்கி வருகிறான். ஏழு முக்காலிகள், பத்து தாலந்து பொன், இருபது கொப்பரைகள், பன்னிரண்டு பந்தயக் குதிரைகள், லெஸ்போஸ் பெண்கள் ஏழு பேர், தொடவே இல்லை என்ற சத்தியத்தோடு ப்ரிசேயிஸ், ஊர் திரும்பினால் தன் மகளில் ஒருத்தி, சீதனமாக ஏழு ஊர். இதற்குமேல் என்ன வேண்டும்? காலில் விழ வேண்டுமா?

மணல்வீடு:

ஒரு 'மன்னித்துவிடு' வேண்டும். அந்தப் பட்டியலில் அது மட்டும் இல்லை.

அகமெம்னான் பட்டியலை எப்படி முடிக்கிறான் என்று பாருங்கள். அவன் எனக்கு அடங்கட்டும், நான் அவனைவிடப் பெரிய அரசன், வயதிலும் மூத்தவன் என்கிறான். தூது போகிற ஒடிசியஸ் முழுப் பட்டியலையும் வரி பிசகாமல் ஒப்பிக்கிறார், இந்தக் கடைசி வரிகளை மட்டும் நைசாக விழுங்கிவிட்டு. அக்கிலீஸ் அந்தப் பேச்சைக் கேட்கவே இல்லை. ஆனால் அவன் பதில் எப்படித் தொடங்குகிறது? மனதில் ஒன்றை மறைத்து வாயில் வேறொன்றைச் சொல்கிறவனை நரகத்தின் வாசலைப் போல வெறுக்கிறேன் என்று. எனக்கு அந்த இடத்தில் மயிர்க்கூச்செறியும்.

ஓய்வு_வாத்தியார்:

சரி, ஒடிசியஸை நம்பவில்லை. அயாஸ்? அவர் ஒளிவுமறைவு தெரியாத ஆள். தம்பியைக் கொன்றவனிடம்கூட நஷ்டஈடு வாங்கிக்கொண்டு மனம் ஆறுகிறார்கள், கொன்றவன் அதே ஊரில் இருக்கிறான், நீயோ ஒரே ஒரு பெண்ணுக்காக இப்படி, நாங்கள் ஏழு பேர் தருகிறோமே என்கிறார். அக்கிலீஸின் பதில்: நீ சொல்வதெல்லாம் என் மனதில் உள்ளதுதான், ஆனால் அவன் சபை நடுவே என்னை ஒரு நாடோடியைப் போல நடத்தியதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது. சரி என்று தெரிகிறது, செய்ய மாட்டான். இதை நான் குறை என்பேன். கிரேக்க அளவுகோலில்தான், என் அளவுகோலில் அல்ல. வளர்த்த ஃபீனிக்ஸ் கிழவரும் அதைத்தான் சொல்கிறார்: தெய்வங்களே வேண்டினால் மனம் மாறுகிறார்கள், நீ யார்?

நூல்கண்டு:

"ஒரே ஒரு பெண்ணுக்காக, நாங்கள் ஏழு பேர் தருகிறோமே." இந்த வாக்கியத்தை மட்டும் தனியாக எடுத்து வைக்கிறேன். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

மணல்வீடு:

வாத்தியார் சார், 9-இல் அவன் தவறினான் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கான விலையைக் கவிதையே வசூலிக்கிறது. கோபத்தை விடமுடியாமல் நண்பனைத் தன் கவசம் போட்டு அனுப்பினான், அவன் பிணமாகத் திரும்பினான். 18-இல் தாயிடம், 'பூமிக்குப் பாரமாகக் கப்பலோரம் உட்கார்ந்திருக்கிறேன்' என்கிறான். கோபம் சொட்டுகிற தேனைவிட இனிப்பாகப் புகைபோல நெஞ்சில் பரவுகிறது, அது தெய்வங்களிடமும் மனிதரிடமும் ஒழிந்து போகட்டும் என்கிறான். தன் குறையை இவ்வளவு துல்லியமாகச் சொல்கிற ஒரு தெய்வத்தைக் காட்டுங்கள் பார்ப்போம். அகமெம்னானைப் பாருங்கள், 19-இல் சமாதானம் பேசும்போது 'காரணம் நான் இல்லை, ஸீயஸும் விதியும் இருளில் நடக்கிற பழிவாங்கும் தெய்வம் எரினிஸும் என் புத்தியைக் கெடுத்தார்கள்' என்கிறான்.

அரைக்கிணறு:

அதைப் படித்தபோது தேர்தல் தோல்விக்குப் பிந்தைய செய்தியாளர் சந்திப்பு ஞாபகம் வந்தது.

ஓய்வு_வாத்தியார்:

அவசரப்படாதீர்கள். ஸீயஸ்தான் காரணம் என்று சொன்ன வாயாலேயே, ஆகவே நஷ்டஈடு தருகிறேன் என்கிறான். தெய்வம் செய்தது, ஆனால் கட்டணம் என்னுடையது. அவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தது. ஒடிசியின் தொடக்கத்தில் ஸீயஸ் இதற்கு எதிர்ப்புத் தெரிவிப்பார்: மனிதர்கள் எதற்கெடுத்தாலும் எங்களைப் பழிக்கிறார்கள், தங்கள் மூடத்தனத்தால் விதிக்கு மேலேயே துன்பத்தைத் தேடிக்கொள்கிறார்கள் என்று.

நூல்கண்டு:

ஒடிசி என்றதும் சொல்லிவிடுகிறேன். 22-ஆம் பாகம். வீட்டுக்குத் திரும்பிய ஒடிசியஸ், மனைவியைப் பெண் கேட்டு வந்தவர்களோடு படுத்த அடிமைப் பெண்கள் பன்னிரண்டு பேரை, முதலில் பிணங்களைத் தூக்கவும் ரத்தத்தைக் கழுவவும் வைக்கிறார். வாளால் வெட்டச் சொன்னது அவர். மகன் டெலமாக்கஸ் அது சுத்தமான சாவாகிவிடும் என்று கப்பல் கயிற்றில் வரிசையாகத் தூக்குப் போடுகிறான். கண்ணியில் மாட்டிய புறாக்கள்போல, கூட்டுக்குத் திரும்பும்போது மாட்டிக்கொண்டவைபோல. கால்கள் கொஞ்ச நேரம் துடித்தன, ரொம்ப நேரம் இல்லை.

'ரொம்ப நேரம் இல்லை' என்ற அந்தச் சொல் எனக்கு விளங்கவே இல்லை. இரக்கமா, சலிப்பா? மணல்வீடு சொல்கிற 'விலையை வசூலிப்பது' இங்கே எங்கே நடக்கிறது? யாரும் வருந்தவில்லை. யாருக்கும் தண்டனை இல்லை. பெற்றவர்கள் வந்து நின்றது செத்த ஆண்களுக்காக மட்டும்தான்.

மணல்வீடு:

பதில் இல்லை. புறா உவமையில் இரக்கம் இருக்கிறது என்று நினைக்கிறேன், நினைக்க விரும்புகிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். இலியட்டில் இதற்கு இணையான இடம், பட்ரோக்ளஸின் சிதையில் பன்னிரண்டு டிராய் இளைஞர்களை அக்கிலீஸ் வெட்டிப் போடுவது. அங்கே 'தீய செயலை மனதில் எண்ணினான்' என்று பாட்டுக்காரர் தன் குரலிலேயே ஒரு வார்த்தை சொல்கிறார்.

ஓய்வு_வாத்தியார்:

'தீய' என்பது அறத்துக்குத் தீயதா, செத்தவர்களுக்குத் தீயதா என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது. அதை வைத்துக் கட்டடம் கட்டாதீர்கள்.

அரைக்கிணறு:

நேற்று இரவு 24-ஆம் பாகத்தை மட்டும் மறுபடி எடுத்தேன். முதல் தடவை பேருந்து நெரிசலில் ஓட்டிவிட்டேன் போல.

ஹெக்டரின் அப்பா ப்ரியாம் கிழவர் எதிரி முகாமுக்குள் வந்து, தன் பிள்ளைகளைக் கொன்ற கைகளை முத்தமிடுகிறார். இரண்டு பேரும் அழுகிறார்கள், ஒருவர் மகனுக்கு, ஒருவன் அப்பனுக்கும் நண்பனுக்கும். இது எல்லாருக்கும் தெரிந்த இடம். நான் கவனிக்காமல் விட்டது அடுத்தது. ஹெக்டரின் உடலை உடனே கொடு என்று கிழவர் அவசரப்படுகிறார். அக்கிலீஸ் முறைக்கிறான். 'என்னைக் கிளறாதே, உன்னையும் ஏதாவது செய்துவிடுவேன்' என்கிறான். திருந்தவே இல்லை! ஆனால் வெளியே போய், பெண்களைக் கூப்பிட்டு, கிழவர் கண்ணில் படாதபடி உடலைத் தள்ளிக் கொண்டுபோய்க் கழுவச் சொல்கிறான். மகனைப் பார்த்துக் கிழவர் கொதித்தால், தனக்குக் கோபம் வந்து அவரைக் கொன்றுவிடுவோமோ என்று பயம். தன் கோபத்தின் வழியிலிருந்து அந்தக் கிழவரை நகர்த்தி வைக்கிறான்.

அப்புறம் கறி வெட்டிச் சுட்டுப் பரிமாறுகிறான். எத்தனை நாள் வேண்டும் என்று கேட்கிறான். ஒன்பது நாள் அழ, பத்தாம் நாள் எரிக்க, பதினோராம் நாள் மேடு கட்ட, பன்னிரண்டாம் நாள் சண்டை போடுவோம் என்கிறார் கிழவர். போட்டேதான் ஆக வேண்டும் என்றால்.

அக்கிலீஸுக்கு 6-ஆம் பாகத்துக் காட்சி மாதிரி ஒன்று இருக்கிறதா என்று கேட்டேன் அல்லவா, அந்தக் கேள்வியை வாபஸ் வாங்குகிறேன். ஹீரா மேல் உள்ள கோபம் அப்படியேதான் இருக்கிறது.

ஓய்வு_வாத்தியார்:

கிழவரை விடியற்காலையில் ஆற்றுத்துறை வரை கூட்டி வந்து விட்டுவிட்டு ஹெர்மீஸ் ஒலிம்பஸுக்குப் போய்விடுகிறார். அதற்கு அப்புறம் புத்தகம் முடியும்வரை ஒரு தெய்வமும் தலைகாட்டவில்லை, பார்த்தீர்களா? அந்தக் கடைசிப் பக்கங்களை மட்டும் பேரனுக்குப் படித்துக் காட்டலாம் என்று இருக்கிறேன். 14-ஆம் பாகத்தை அவன் பெரியவனான பிறகு அவனே தேடிப் படித்துக்கொள்ளட்டும்.

புதுசு_2:

14-இல் என்ன இருக்கிறது?

மணல்வீடு:

ஹீரா, ஸீயஸைத் தூங்க வைக்கிறாள். மலை உச்சியில். வாத்தியார் சார் முன்னால் இதற்குமேல் வேண்டாம்.